மாடியக்காவை இறக்கியவன்

தாராவியில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தில் முதல் காங்கிரீட் தூண் நான் நிறுத்தியது. அதற்கு முன்பு அங்கே நின்றதெல்லாம் தகரமும் பலகையும்தான். சாக்கடைக்கு மேல் கல் பரப்பி, பிள்ளைகள் செருப்பு நனையாமல் பள்ளிக்கூடம் போக வழி செய்தது நான். தோல் பட்டறைக்காரர்களுக்கு மேல்தளம், இட்லிக்காரர்களுக்குப் புகைபோக்கி, அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம், பள்ளிவாசலுக்குத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் என் கைவேலை. கீழே முழுக்கச் சதுப்பு. தோண்டத் தோண்டக் கறுப்புத் தண்ணீர் வரும். அதன்மேல் கட்டி நிறுத்தியிருக்கிறேன். எந்த மழைக்கும் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. எந்த இஞ்சினியரும் எனக்குப் படம் வரைந்து தரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கொத்துக்கரண்டி, அதுவும் சித்தப்பாவுடையது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? சொல்கிறேன். ஆனால் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், என் கிடங்கின் மூலையில் இருக்கும் ஒரு படிக்கட்டைக் காட்டுவேன். ஒரு பொம்பளையின் முழங்காலுக்காகக் கட்டியது அது. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சந்துக்கு அவள் மாடியக்கா. எனக்கு வயதில் இளையவள், ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். என் கிடங்குக்கு மேல் இருந்த அறையில் ஒரே மகளோடு இருந்தாள். அந்த அறையை நான்தான் கட்டி அவள் புருஷனுக்கு விற்றேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகு முறுக்கு சுட ஆரம்பித்தாள். மாட்டுங்காவில் நெய்யும் அப்பளமும் விற்கிற கடைகளில் கண்ணாடிப் புட்டிக்குள் இருக்குமே கைமுறுக்கு, அதில் பாதி எங்கள் சந்தின் மேல்மாடியில் சுற்றியது. வாங்குகிற மாமிகளுக்கு அது தெரியாது. தெரிந்தால் வாங்குவார்களா என்பதும் எனக்குத் தெரியாது.

பெரிய உடம்பு. சின்ன வயதிலேயே அப்படித்தான் என்பாள். முறுக்குத் தொழில் அதை இன்னும் கூட்டியது. "ஒடைஞ்சத விக்க முடியாது, தூரப் போடவும் மனசு வராது. பெறகு எங்க போகும் அண்ணாச்சி? எல்லாம் எனக்குள்ளதான் போகுது" என்று சொல்லிச் சிரிப்பாள். குரல் அதைவிடப் பெரியது. மேலே உட்கார்ந்தபடியே சந்து முழுவதையும் நடத்துவாள்.

தாராவி வீடுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இரண்டிலும் வேறு வேறு குடும்பம். மேலே போகச் சந்திலிருந்து ஓர் இரும்பு ஏணி செங்குத்தாக நிற்கும். பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். படிக்கட்டு கட்டினால் சந்தில் ஆள் போக வழியிருக்காது, அறைக்குள் கட்டினால் அறை இருக்காது. ஆகவே பிள்ளைத்தாச்சி முதல் கிழவன் வரை எல்லோருக்கும் ஏணிதான்.

ஒரு கட்டத்துக்குப் பிறகு, இந்த ஏணியில் மாடியக்கா இறங்கிச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. அவளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

சாமான் ஏற்ற இறக்க, வாசலுக்கு மேல் நான் ஒரு கப்பி மாட்டிக் கொடுத்திருந்தேன். கூடை கீழே வரும், கீரை மேலே போகும். முறுக்கு டின் கீழே வரும், அரிசி மேலே போகும். மீன்காரி வந்தால் தனி வேடிக்கை.

"அரே, நீச்சே ஆகே தேக் நா!" என்று கத்துவாள் மீன்காரி. இறங்கி வந்து பாரேன் என்று அர்த்தம்.

"எதுக்கு எறங்கணும்? ஊப்பர் சே சப் திக்தா ஹை. அந்த மீனத் திருப்பு. செவுளத் தூக்கு. ம், நேத்துச் செத்தது. வேற எடு."

மேலிருந்து எல்லாம் தெரியும் என்பது அவள் கட்சி. மீன்காரி திட்டிக்கொண்டே நல்ல மீனாக எடுத்துக் கூடையில் போடுவாள்.

அவள் இறங்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்போது கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டில் கல்யாணம். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பாதி ஏணி இறங்கிவிட்டாள். ஏணி முனகியது. கீழே நாலைந்து இளவட்டங்கள். அதில் ஒருத்தன் கையை விரித்து வழிவிடச் சொல்வது போல் கத்தினான்: "சைட் தோ, சைட் தோ! பானி கா டேங்கர் ஆ ரஹா ஹை!"

தண்ணீர் லாரி வருகிறதாம். சந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"ஆமால, டேங்கர்தான். ஒங்கம்மைய டிரம்ம எடுத்துட்டு வரச் சொல்லு, நெரப்பிட்டுப் போறேன்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு, "அடடா, கைக்குட்டைய மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. மொய்க்கவர் மட்டும் கூடையில் இறங்கியது.

அதற்குப் பிறகு, கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போக வேண்டுமானால் ஆளில்லாத நேரம் பார்ப்பாள். கொட்டுகிற மழையில் இறங்குவாள். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பு விடியற்காலையில் இறங்குவாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு வசதியான நேரம் கிரிக்கெட். இந்தியா ஆடினால் சந்தில் ஒரு நாய்கூட நிற்காது, எல்லாம் டிவி முன்னால். அப்போது சட்டென்று கதவு திறக்கும். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக இறங்கி வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஏணியில் பொத்துப் பொத்தென்று காலை வைத்து இறங்கி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். நான் கிடங்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கம்பி எண்ணுவதுபோல் இருந்துகொள்வேன். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

மெதுவாக இறங்கியிருந்தால் பரவாயில்லை. அவசரமாக இறங்கினால் ஒவ்வொரு கம்பியிலும் உடம்பு மொத்தமும் மடங்கிய ஒரு முட்டியில் வந்து விழும். போதாததற்கு நாள் முழுக்க அடுப்புக்கு முன் தாழ்ந்த மணையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை. சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். முட்டிக்கு மேல் வலிக்கிறது என்று புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருப்பாள். அந்தத் துணியில் எண்ணெய் வாடை கிடங்கு வரை வரும்.

"டாக்டர்ட்ட காட்டேம்மா" என்றேன் ஒருநாள்.

"டாக்டர் என்ன சொல்லுவாரு? எடையக் கொறன்னு சொல்லுவாரு. அதச் சொல்ல ஒரு ஆளு, அதக் கேக்க ஒரு க்யூ. காலி பீலி, வெட்டி அலைச்சல்."

"முட்டி வலிக்குன்னு சொல்லுத?"

"வலிக்கத்தான் செய்யும். சும்மாவா இருக்கு அது? என்னத் தூக்குதுல்லா."

இப்படி எதையும் சிரிப்பாக மாற்றிவிடுவாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் சந்து முழுக்க அவளைக் கேலி செய்தது. அவள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி தோளுக்குக் கீழே காட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது. அதை மாட்ட ஆணி அடித்தவன் நான், ஆகவே எனக்குத் தெரியும்.

பிறகு அந்த நாள் வந்தது. பகல் நேரம், பெரிய மேட்ச். சந்து காலி. அவள் கதவைத் திறந்து, திரும்பி, ஏணியில் காலை வைத்தாள். அந்த நொடியில் கரண்ட் போனது.

டிவி எல்லாம் அணைந்தது. அத்தனை வீட்டுக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தது. "அரே யார், கரண்ட் போச்சே!" என்று கத்திக்கொண்டு ஆண்களும் பிள்ளைகளும் சந்தில் கொட்டினார்கள். அவள் ஏணியின் உச்சியில். மேலே போய்விட வேண்டும் என்று அவசரமாகக் காலை எடுத்திருக்கிறாள், பாதம் கம்பியை விட்டு வழுக்கியது. மொத்த உடம்பும் மடங்கிய இடது முட்டியில் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம் கேட்டதாம், கயிறு அறுந்த மாதிரி. பிறகு அவளே மகளிடம் சொன்னது இது. கையை ஊன்றி வாசற்படியில் விழுந்து, உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

"க்யா ஹுவா?" என்று யாரோ கீழிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல. டின் விழுந்துட்டு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கணீரென்ற அதே குரல்.

அன்றைக்கும் மறுநாளும் கூடை இறங்கவில்லை. செம்பூரில் வேலை பார்க்கிற மகள், முட்டி விலகிவிட்டது என்று அம்மா சொன்னதை நம்பி, எலும்பு கட்டுகிற ஒரு பயில்வானைக் கூட்டி வந்தாள். எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு இது. முட்டியில் எது வந்தாலும் விலகிவிட்டது என்பார்கள், பிடித்து இழுத்தால் சேர்ந்துவிடும் என்பார்கள். ஊரிலிருந்தே கொண்டுவந்த நம்பிக்கை. பயில்வான் எண்ணெய் ஊற்றித் தேய்த்தான், காலைப் பிடித்து இழுத்தான், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினான். இழுக்கும்போது அவள் கத்தவே இல்லையாம். சந்துக்குக் கேட்கும் என்று.

வீக்கம் தொடை வரை ஏறிய பிறகுதான் மகள் என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, அம்மாக்கு கால் தூக்கவே வரல. பாத்ரூம்கூட ஒக்காந்தே நகர்ந்து போறா. யாருக்கும் சொல்லாதன்னு கசம், சத்தியம் வாங்கிட்டா. ப்ளீஸ், ஒரு தடவ மேல வாங்க."

போய்ப் பார்த்தேன். முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழே இறங்கிக் கிடந்தது. சந்து முனையில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டரம்மாவை நானே கையோடு அழைத்து வந்தேன். சின்னப் பெண், பக்கத்துச் சுனாபட்டியில் வீடு. சல்வாரை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டது. அந்தத் தைரியத்துக்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

கட்டை அவிழ்த்துவிட்டு, "காலை மடக்காம அப்படியே தூக்குங்கம்மா" என்றது. தொடை துடித்தது, கால் எழவில்லை. முட்டிச் சில்லுக்கு மேலே விரலை வைத்து அழுத்தியது. விரல் உள்ளே பதிந்தது.

"இது விலகல் இல்லை. தொடைச் சதையை முட்டிச் சில்லோட சேர்த்துக் கட்டியிருக்கிற தசைநாண் அறுந்துடுச்சு. நம்ம ஜனங்க ஜவ்வுன்னு சொல்லுவாங்க. தைச்சுத்தான் ஆகணும், சீக்கிரமா. நாள் போகப் போக அறுந்த முனை மேலே சுருங்கிடும். அப்புறம் தைக்கிறது கஷ்டம். கால் நேரா நீட்ட வராமலே போயிடலாம்."

"வெயிட்னாலயா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"வெயிட்டும் ஒரு காரணம். ஏணி இறங்கும்போது நம்ம எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த நாண் மேல விழும். எடை கூடினா அந்தப் பாரமும் கூடும். சர்க்கரை வேற இருந்தா நாண் உள்ளுக்குள்ள நைஞ்சு போகும். டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா? இதுக்குத்தான் நான் டாக்டர்மார்ட்டயே போறதில்ல" என்றாள் மாடியக்கா.

"திட்டலம்மா. பாரத்தைப் பத்திச் சொல்றேன். மாசக்கணக்கா வலிச்சுதுன்னு சொன்னீங்களே, அப்பவே அந்த நாண் உங்ககிட்ட முறையிட்டிருக்கு. நீங்க வேட்டித் துணியால வாயைக் கட்டிட்டீங்க."

மாடியக்கா சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. இந்த ஏணியில் அவளை ஸ்ட்ரெச்சரில் இறக்க முடியாது, தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டால் கயிறு கட்டி இறக்கிவிடுவார்கள் என்றது டாக்டரம்மா.

"வேண்டாம்."

"அம்மா!"

"வேண்டாம்னா வேண்டாம். சந்து முழுக்க மொபைலத் தூக்கிட்டு நிப்பான். கயித்துல தொங்குறத வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்புவான். நம்ம ஊருக்கும் போகும். நான் இப்படியே கெடக்கேன். ஒக்காந்து முறுக்கு சுத்தக் கை போதும், கால் எதுக்கு?"

"பாகல் ஹோ கயி க்யா அம்மா? பைத்தியமா ஒனக்கு? லைஃப் முழுக்க நொண்டியா இருப்பியா?"

"இருந்துட்டுப் போறேன். எவன் பாக்கான்?"

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தது. நான் மகள் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தரையைப் போட்டவன் நான். சுவருக்குச் சுவர் கிர்டர் என்கிற இரும்பு உத்தரம், குறுக்கே ஆங்கிள் கம்பி, அதன்மேல் ஷாபாத் கல் பலகை, இடுக்கில் சிமெண்ட். தாராவியில் மேல்தளம் என்றால் இதுதான். எந்தக் கல் எந்த ஆங்கிளில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணைக் கட்டினாலும் சொல்வேன். மூலைக் கற்கள் இரண்டை உளி வைத்து எடுத்துக் குறுக்கு ஆங்கிளை அறுத்துவிட்டால், கீழே என் கிடங்கு.

"ஏம்மா, நீ சந்துக்கு எறங்க வேண்டாம். என் கிடங்குக்கு எறங்கு" என்றேன்.

"எப்படி? நடுவுல தரைல்லா இருக்கு."

"தரையத் தொறக்கேன்."

"அண்ணாச்சி, ஒங்களுக்குக் கிறுக்கா? என் வீட்டுத் தரை."

"ஒனக்குத் தரைன்னா எனக்குக் கூரை. என் கூரைய நான் தொறக்கேன். நீ யாரு கேக்க?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "கதவு சாத்தித்தான இருக்கும்?" என்றாள்.

"ஷட்டரே போட்டிருப்பேன்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். சந்தில் கேட்டவர்களிடம் கூரை ஒழுகுகிறது, வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். மேலே அவள் அறையில் இரும்புக் குழாய் மூன்றைக் கிர்டர் மேல் ஊன்றி முக்காலி போட்டேன். அதில் கிர்டர் தூக்குகிற செயின் கப்பியைத் தொங்கவிட்டேன். சங்கிலியை இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கையை எடுத்தாலும் நழுவாது. சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிக் கட்டி இரண்டு தடவை இறக்கிச் சோதித்தேன். கை வைத்த மரநாற்காலி ஒன்றுக்கு அடியில் ஆங்கிள் வைத்து முடுக்கினேன். டாக்டரம்மா அவள் காலை நேராக வைத்துப் பலகையோடு கட்டியது. மேலே டாக்டரம்மாவும் மகளும், கீழே நான் ஒருவன். என் வெல்டிங் மிஸ்திரியைச் சந்தில் உட்கார்ந்து கட்டர் மெஷினில் கம்பி அறுக்கச் சொன்னேன். அந்தச் சத்தத்துக்கும் பொறிக்கும் எவனும் கிட்டே வரமாட்டான்.

நாற்காலி ஓட்டைக்கு மேல் வந்து நின்றது.

"அண்ணாச்சி, மேல பாக்கக் கூடாது."

"பாக்காம எப்படிம்மா செயின இழுக்க?"

"சிமெண்ட் மூட்டையப் பாத்து இழுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், மூட்டையைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன். மேலிருந்து டாக்டரம்மா "இன்னும், இன்னும், நில்லுங்க" என்று சொல்லச் சொல்ல இழுத்தேன். பாதியில் நாற்காலி லேசாகச் சுற்றியது. நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு? அறுந்துட்டா?"

"அறாது. பெரிய பெரிய கிர்டரத் தூக்குன செயின் இது."

"அப்ப நானும் கிர்டருங்கீங்க?"

"ஆமா. அந்த வீட்டத் தாங்குனது நீதான?"

மறுபடி செயினை இழுத்தேன். நாற்காலி தரையைத் தொட்ட பிறகு பார்த்தேன், முந்தானை முழுக்க ஈரம். பின்பக்கக் கதவைத் திறந்தால் அகலமான ரோடு, அங்கே என் டெம்போ நின்றது.

"சிமெண்ட் டெம்போவா அண்ணாச்சி?"

"சிமெண்ட்டயே ஈரம் படாமக் கொண்டுபோறவன் நான். ஏறு."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பெரிய டாக்டர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. சர்க்கரையும் இருந்தது, அதற்கும் மருந்து ஆரம்பித்தார்கள். காலுக்குப் பட்டை போட்டு, அவள் தங்கை வீட்டில், கீழ்த்தளத்தில், படுக்க வைத்தார்கள்.

அவள் அங்கே இருந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. திறந்த தரையை மூடாமல், அந்த ஓட்டைக்கு என் கிடங்கிலிருந்து படிக்கட்டு எழுப்பினேன். கிடங்கின் மூலை போயிற்று, கம்பி அடுக்க இடமில்லாமல் வெளியே வாடகைக்கு இடம் பிடித்தேன். உயரம் குறைந்த படி, முழுப் பாதமும் பதிகிற அகலம், இரண்டு பக்கமும் பிடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. தாராவியில் மேல்மாடிக்கு இப்படி ஒரு படிக்கட்டு வேறு எங்கேயாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள், நான் இந்தப் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

வந்து பார்த்தாள். பிடியைத் தடவினாள். பிசிர் இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. இல்லை, நான் தேய்த்திருந்தேன்.

அந்தப் படிக்கட்டில்தான் அவள் மறுபடி நடக்கக் கற்றாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் "மெதுவா ஆன்ட்டி, ஜல்தி க்யா ஹை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவளுக்கு இனி என்ன அவசரம்? உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள், நானும் மூட்டைகளும்தான். முதலில் ஒரு படி ஏறி ஒரு படி இறங்கினாள். பிறகு திட்டு வரை. மணையைத் தூக்கிப் போட்டுவிட்டு மேசை உயர அடுப்புக்கு மாறினாள். உடைந்த முறுக்கெல்லாம் என் ஆட்களுக்கு வந்தது. அவர்களுக்குத் தொப்பை போட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஒருநாள் சாயங்காலம் கிடங்கு வாசல் வழியாகச் சந்தில் வந்து நின்றாள்.

"அரே மாடியக்கா! எப்ப எறங்குனீங்க?" என்று வாயைப் பிளந்தார்கள்.

"நேத்தே" என்றாள். எப்படி என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அதன் பிறகு தினமும் நடை. மாட்டுங்கா மார்க்கெட் வரை நடந்து போவாள். சேலை இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற ஆரம்பித்தது. இப்போது மான்குர்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், மகளோடு இருக்கிறாள். படிக்கட்டு என்னோடு இருக்கிறது.

போன மாதம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் மூட்டு முகாம் நடந்தது. எடை கூடினால் முழங்கால் நாண்களுக்கு என்ன ஆகும் என்று பெரிய டாக்டர் படம் போட்டு விளக்கினார். பிறகு மாடியக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினாள். மைக்கைப் பிடித்தாள். பெரிய டாக்டருக்கு நன்றி என்றாள், பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு நன்றி என்றாள், சின்ன டாக்டரம்மாவுக்கு, மகளுக்கு, முருகனுக்கு நன்றி என்றாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டினார்கள். அந்த மேடைப் படியை எவன் கட்டினானோ, ஒன்று உயரம் ஒன்று தாழ்வு, பிடியும் கிடையாது. மண்டபம் முழுக்கப் பார்த்திருக்க, நிதானமாக இறங்கி வந்தாள்.

வெளியே காப்பி குடிக்கும்போது நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, முருகன் வரைக்கும் வந்தியே, என் பேரு எங்க போச்சு?"

"அண்ணாச்சி, ஒங்களச் சொல்லாமலா? மனசுல சொன்னேன்."

"மனசுல சொன்னா மைக்ல கேக்குமா?"

அவள் காப்பியை ஆற்றினாள். "ஒங்களச் சொன்னா, அவுக என்ன செஞ்சாகன்னு கேப்பாங்க. எறக்குனாகன்னு சொல்லணும். எப்படி எறக்குனாகன்னு கேப்பாங்க. கிர்டர் செயின்லன்னு சொல்லணும். மேடையேறி நின்னுட்டேன் அண்ணாச்சி, அது மட்டும் இன்னும் வாய்ல வரல."

"அப்ப நான் எழுதட்டா?"

"எழுதுங்க. எம்பேரப் போட்டீங்க, மான்குர்துலேந்து நடந்தே வந்து சண்ட போடுவேன். இப்ப நடக்க முடியும், தெரியும்லா?"

பெயரைப் போடவில்லை. அந்த அளவுக்கு அவள் பேச்சைக் கேட்டேன். என் பேச்சையும் அவள் கேட்க வேண்டும். தைத்தது பெரிய டாக்டர், சரி. நடக்கவைத்தது அந்தப் பெண், சரி. எடையைக் குறைத்தது அவளே, அதுவும் சரி. ஆனால் இவர்கள் அத்தனை பேரும் கீழே இருந்தார்கள், அவள் மேலே இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே கிடந்திருந்தால் தைக்க நாண் இருந்திருக்காது. அடுத்த முகாமில் அவள் மைக்கைப் பிடிக்கும்போது முருகனுக்கு முன்னால் என்னைச் சொல்ல வேண்டும். எப்படி இறக்கினேன் என்று சொல்ல வேண்டாம். பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கிடங்கு அண்ணாச்சி என்றாலே போதும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.